ஆறாம் விதியும் படக்கதைப் புத்தகங்களும்

(நம் குடியிருப்பு நூலக அறையின் மூன்றாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. பி.காம். முடித்து 1982-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே 39 வருஷம் ஓடிவிட்டது. சுண்டல் ஆறிவிடும் என்று செயலாளர் முன்பே எச்சரித்துவிட்டார். சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

நம் நூலக விதிகள் கதவில் ஒட்டியிருக்கின்றன. ஆறாவது விதி இப்படிச் சொல்கிறது: படக்கதை, காமிக்ஸ் புத்தகங்கள் மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வழங்கப்பட மாட்டாது. இதை எழுதின புண்ணியவான் யார் என்று பி பிளாக் பெற்றோர் ஒருவர் லிஃப்டில் என்னிடமே கேட்டார். எழுதினது நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கமிட்டியில் நான் வாசித்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இன்றைக்கு அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் நிற்கிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர். பக்கத்து சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது எனக்குப் பதினோரு வயது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. இங்கே அறுபதைத் தாண்டியவர்கள் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. மின்சாரத்தைத் தொட்டால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். புத்தகம் அண்ணனுடையது. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று எனக்குக் கிடையாது. அவன் பள்ளிக்கூடப் பைக்குள்ளிருந்து எடுத்து, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து படித்துவிட்டு, மடிப்பு விழாமல் திரும்ப வைத்துவிடுவேன்.

இப்படிப் படித்தவள்தான் பிறகு என்ன செய்தேன் என்று கேளுங்கள். 2002-ல் என் மகன் பத்தாம் வகுப்புக்குப் போனான். பரண் மேல் ஒரு அட்டைப்பெட்டி நிறைய லயன், முத்து காமிக்ஸ் சேர்த்து வைத்திருந்தான். டெக்ஸ் வில்லர்தான் அதிகம். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் பென்சிலால் வரிசை எண் போட்டிருப்பான். ஒரு சனிக்கிழமை அவன் டியூஷன் போயிருந்த நேரத்தில் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து பரணைப் பார்த்தான். அழவில்லை, சண்டையும் போடவில்லை. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நல்ல மார்க் எடுத்தான், நல்ல வேலைக்கும் போனான். அதற்குப் பிறகு அவன் ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகாவிட்டால் ஒரு உறுத்தல் இருக்குமே, அந்த மாதிரி ஒன்று இன்னும் இருக்கிறது.

இப்போது பேரன் விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் வகுப்பு. நான் எழுதின விதிப்படி அவனுக்குப் படக்கதை கிடையாது. இங்கிலீஷ் வாசிக்கச் சொன்னால் பக்கத்தை எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி ஓட்டிவிடுவான். என்னடா படித்தாய் என்று கேட்டால் முழிப்பான். ஆசிரியையும் அதையேதான் சொன்னார், வாசிக்கிறான், மனசில் ஏறவில்லை என்று. நான் போட்ட மருந்து, எழுத்து இன்னும் நிறைய உள்ள புத்தகம். இன்னும் வேகமாக ஓட்டினான்.

இந்த நேரத்தில் என் மருமகள் ஒரு புத்தகம் வாங்கினாள். ஆஸ்திரேலியாவின் ஷான் டான் 2006-ல் வெளியிட்ட 'தி அரைவல்'. அந்தப் புத்தகத்தில் வாசிக்க ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் பழைய போட்டோ நிறத்தில் பென்சில் படங்கள். ஒரு மனிதர் மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காகக் கப்பலேறி எங்கோ போகிறார். போன ஊரில் போர்டு, பேப்பர், டிக்கெட் எதையும் அவரால் படிக்க முடியவில்லை. நமக்கும் முடியாது, ஏனென்றால் அந்த எழுத்தே ஓவியர் கற்பனை செய்ததுதான். வரைந்தவரின் தகப்பனாரே மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனவர். 

எழுத்து இல்லை என்பதால் நான் இருபது நிமிஷத்தில் புரட்டி முடித்துவிட்டேன். பேரனுக்கு நான்கு நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களில் வெறும் மேகம். இது என்ன, பக்கத்தை நிரப்ப வரைந்தது என்று நான் தாண்டிவிட்டேன். அவன் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் போய்விட்டு, "அப்பத்தா, கப்பல்ல ரொம்ப நாள் ஆயிருச்சு" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "மேகம் மாறிக்கிட்டே இருக்குல்ல" என்றான். ஒரு பக்கத்தைக்கூட நிதானமாகப் பார்க்காதவன் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த பிள்ளை.

ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்கர் காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி 1993-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார், அதையும் காமிக்ஸாகவே. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி இருக்கிறதே, அந்த இடத்தில் நடப்பதை வாசிக்கிறவர்தான் மனதுக்குள் நடத்திக்கொள்கிறார் என்கிறார். யோசித்துப் பார்த்தேன். மாயாவி ஒரு கட்டத்தில் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பார், அடுத்த கட்டத்தில் கை மட்டும் தொங்கும். நடுவில் அவரை மறைய வைத்தது மாடிப்படிக்குக் கீழே இருந்த நான்.

படம் பார்ப்பது ஒரு படிப்பா என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் வருமுன் டெல்லராக இருந்தபோது, செக் வந்தால் ஸ்பெசிமன் கையெழுத்துக் கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். பெயரை வாசித்துக்கொண்டிருந்தால் ஆகாது. எழுத்தின் கால் எங்கே வளைகிறது, கடைசிக் கோடு எவ்வளவு இழுக்கிறது, நடுவில் பேனாவை எடுத்தாரா இல்லையா என்று படமாகத்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை பெயர் சரியாக இருந்தது, கோடு சரியில்லை. எழுந்து போய் மேனேஜரிடம் காட்டினேன். அன்றைக்கு ஒரு விதவையின் சேமிப்பு தப்பித்தது. அதை நான் வேலை என்று நினைத்தேன், படிப்பு என்று நினைக்கவில்லை.

இதனால் எல்லாப் படக்கதையும் உசத்தி என்று சொல்ல வரவில்லை. மட்டமான அச்சு, அரைகுறை மொழிபெயர்ப்பு, ஆளை ஆள் குத்துவது தவிர வேறொன்றும் இல்லாதது எல்லாம் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. யாரோ கொடுத்த ஒரு பழைய புராணப் படக்கதையைப் பேரனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அசுரங்க எல்லாம் ஏன் அப்பத்தா நம்ம கலர்ல இருக்காங்க?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரைந்தவர் செய்த தப்புடா என்றேன். அதோடு விடவில்லை, வேறு எந்தெந்தப் பக்கத்தில் அந்தத் தப்பு இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டான். தனியாகப் படித்திருந்தால் என்னிடம் கேட்டிருக்க மாட்டான், உள்ளே வாங்கி வைத்துக்கொண்டிருப்பான். அதனால் பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன், புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு செல்போனை எடுக்காதீர்கள். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை கட்டத்தில் விரல் வைத்த இடத்தைப் பாருங்கள், போதும்.

என்ன வாங்கலாம் என்று கமிட்டி கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்கு நம் சென்னையிலேயே தூலிகா இருக்கிறது, 1996-லிருந்து. ஒரே பக்கத்தில் தமிழும் இங்கிலீஷுமாக உள்ள படப் புத்தகங்கள் போடுகிறார்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இங்கே நிறைய என்பதால் அவை வேண்டும். தாரா புக்ஸ் என்ற இன்னொரு சென்னைப் பதிப்பகம், மத்தியப் பிரதேசத்து கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையாலேயே அச்சடித்து 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்று வெளியிட்டது. 2008-ல் இத்தாலியில் போலோன்யா பரிசு வாங்கிய புத்தகம். விலை கொஞ்சம் கடிக்கும், ஒன்று வாங்கினால் போதும். காசில்லாமல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் போனிலேயே இலவசம்.

பத்து வயதுக்கு மேல் ரைனா டெல்கமையரின் 'ஸ்மைல்'. ஆறாம் வகுப்புப் பெண் தடுக்கி விழுந்து முன்பல் இரண்டும் போய், வருஷக்கணக்கில் பல் டாக்டரிடம் அலைந்த அவருடைய சொந்தக் கதை. பல்லில் கம்பி போட்ட பிள்ளைகள் நம் குடியிருப்பில் எத்தனை பேர், எண்ணிப் பாருங்கள். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020-ல் அமெரிக்காவில் நியூபெரி பரிசு வாங்கியது. அந்தப் பரிசை ஒரு கிராஃபிக் நாவல் வாங்கியது அதுதான் முதல் தடவை. ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' 1992-ல் புலிட்சர் பரிசு பெற்றது. யூதர்களை எலியாகவும் நாஜிகளைப் பூனையாகவும் வரைந்து, ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய தன் தகப்பனாரின் கதையைச் சொல்கிறார். அது மேல் தட்டில் இருக்கட்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும். வயது பார்த்துக் கொடுப்பதை நான் இப்போதும் ஆதரிக்கிறேன். படம் இருக்கிறது என்பதற்காக மறுப்பதைத்தான் எடுத்துவிடச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஷான் டான் புத்தகத்தில், கப்பலில் போனவர் புது ஊரில் ஒரு சின்ன அறையில் தன் பெட்டியைத் திறப்பார். பெட்டிக்குள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையும், அங்கே உட்கார்ந்திருக்கும் மனைவியும் மகளும் தெரிவார்கள். பேரன் அந்தப் பக்கத்தில் இருந்தபோது என் மகன் ஆபீசிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவுக்குப் பின்னால் நின்று பார்த்தான். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது மகன் இரண்டு வருஷம் ஜெர்மனியில் தனியாக இருந்தான். "எனக்கும் அங்க ரூம்ல இப்படித்தான் இருந்துச்சும்மா" என்றான். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. 

கமிட்டி சம்மதித்தால் ஜன்னலோரத்து அலமாரியைக் காலி செய்து தருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை நான் இங்கே இருப்பேன், ரிஜிஸ்டரும் நானே எழுதுகிறேன், பழக்கமான வேலைதான். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காமிக்ஸ் இருந்தால் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டுவாருங்கள். முதல் தவணையாகப் பேரனின் ஒன்பது புத்தகங்களை அவன் சம்மதத்தோடு இந்த மேஜையில் வைத்திருக்கிறேன். ஷான் டான் புத்தகம் அதில் இல்லை. அதை என் மகன் அவன் அறைக்கு எடுத்துப் போனான், இன்னும் திருப்பித் தரவில்லை.