கற்கச் சென்றோம்; கற்பிக்கவும் செல்வோம்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் நம்முன் நின்ற கேள்வி ஒன்றே. நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிப்பது எவ்வாறு என்பதே அது. இருபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், இவ்வரங்கில் அமர்ந்திருப்போருள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியராய்ப் பணிபுரிவோர் பலர் உளர். ஆகவே இன்று வேறொரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். நம் ஆசிரியர்கள் பிற நாடுகளுக்குச் சென்று இளங்கலை வகுப்புகளில் கற்பிக்கவும், அங்குப் பாடத்திட்டம் வகுக்கும் பணியில் பங்கு கொள்ளவும் உள்ள வாய்ப்புகள் யாவை? அவற்றை நாம் ஏன் நாட வேண்டும்?

வெளிநாட்டுக் கல்வி என்றதும் நம் நெஞ்சில் முதலில் தோன்றுபவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பரோடா அரசின் உதவித்தொகையுடன் 1913-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்றார். திரும்பி வந்தவர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அவர் சென்ற வழியில் நம் பிள்ளைகளும் செல்லவென்று நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைபெற்று வருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு உரியவை. நம் மக்கள்தொகையை நோக்க இது சிறு துளியே. எனினும் கற்கச் செல்வதற்கு ஒரு வழி உண்டென்பதை நம் இளைஞர்கள் அறிந்துள்ளனர். கற்பிக்கச் செல்லும் வழியோ நம்மில் பலர் அறியாதது. அதற்கான சுற்றறிக்கை நம்மவர் மேசைக்கு வந்து சேரும் வேளையில், விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்து போயிருக்கும்.

பாடத்திட்டத்தை யார் வகுப்பது என்பது சிறு செய்தியன்று. மலாயாவில் நடந்ததை நினைவுகூர்வோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்க எண்ணியபோது, அறிவுரை கூற அழைக்கப்பெற்ற வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கு முதன்மை அளிக்கப் பரிந்துரைத்தார். அந்நாட்டுத் தமிழர்கள் அதை ஏற்கவில்லை. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டினார். எளிய உழைப்பாளிகளும் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழருள் நம் குலத்தார் பெருந்தொகையினர் என்பதை நாம் மறத்தலாகாது. 1956-இல் தொடங்கிய அத்துறையில் தமிழ் தன் இடத்தைப் பெற்றது. 1961-இல் அதன் தலைமையை ஏற்றவர் இலங்கையிலிருந்து சென்ற தனிநாயக அடிகளார். அவர் அங்கிருந்தபோதுதான் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. பிற நாட்டுக்குச் சென்ற ஓர் ஆசிரியர் ஒரு துறையையே வளர்த்துவிட இயலும் என்பதற்கும், பாடத்திட்டத்தில் உழைக்கும் மக்களுக்கும் குரல் உண்டு என்பதற்கும் இவ்வரலாறு சான்று.

இன்றுள்ள வாய்ப்புகளைக் காண்போம். அமெரிக்காவில் சில திங்கள் கற்பிக்கவும் ஆராயவும் இந்திய ஆசிரியர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு நல்கைகள் வழங்கப்படுகின்றன. 1950-இல் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டில் பிறந்த இத்திட்டத்தின் செலவை 2008 முதல் இரு அரசுகளும் பகிர்ந்து கொள்கின்றன. அதே 1950-இல் நிறுவப்பெற்ற இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கைகள் அமைத்து நம் நாட்டுப் பேராசிரியர்களை அனுப்புகிறது. அண்மையில், நம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023-இல் தான்சானியாவின் சான்சிபார்த் தீவில் தன் வளாகத்தைத் திறந்தது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கும் நான்காண்டு இளநிலைப் படிப்பு அங்கு நடைபெறுகிறது. இந்தியாவுக்கு வெளியே எழுந்த முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகம் அதுவே.

இவற்றுக்கு முன்னரே நம் ஆசிரியர்கள் பெருந்தொகையாகச் சென்ற நாடு எத்தியோப்பியா. 1990-களின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க பல்கலைக்கழகங்களே அங்கிருந்தன. இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 40-க்கு மேல். அவ்வளவு விரைவாக வகுப்பறைகளைக் கட்டிவிடலாம். ஆசிரியர்களை உண்டாக்க இயலாது. ஆகவே இந்தியப் பேராசிரியர்களை அந்நாடு அழைத்தது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் சென்றனர். இன்று அந்நாட்டவரே மேற்பட்டங்கள் பெற்று அவ்விடங்களை நிரப்பி வருவதால் அழைப்புகள் முன்போல் இல்லை. அது வருந்தத்தக்கதன்று. தன் இடத்தைத் தன் மாணவனிடம் ஒப்படைத்துத் திரும்புவதே நல்லாசிரியனுக்கு அழகு.

இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றுண்டு. எத்தியோப்பிய மாணவர்கள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற்று, உயர்நிலையிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் பயில்கின்றனர். அவர்களுட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர்கள். அவர்கள் நிலையை அறிய நாம் நூல்களைத் தேட வேண்டுவதில்லை. தமிழ்வழியில் பயின்று கல்லூரியின் கடைசி இருக்கையில் நாமும் வாய்மூடி அமர்ந்திருந்தோம். பாடம் நமக்கு விளங்கியது. விடையை ஆங்கில வாக்கியமாக்கத் தெரியவில்லை. நம் மௌனத்தை அறியாமை என்று எண்ணியோர் உண்டு. அதைப் புரிந்துகொண்டு, கரும்பலகையில் மெல்ல எழுதி விளக்கிய ஒருவரோ இருவரோதான் நம்மைக் கரையேற்றினர். அத்தகைய மாணவனுக்கு முதலாண்டில் எதை வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது, மொழிப் பயிற்சியைப் பாடத்தோடு எவ்வாறு இணைப்பது, தேர்வில் எதைச் சோதிப்பது என்பவற்றை அறிந்தவர் நம்மைவிட யாவர்? நாம் தாழ்வென்று மறைத்துவைத்த பட்டறிவே அங்கு நம் தகுதியாகிறது.

எனினும் நம் பாடத்திட்டத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சென்று அங்கு அவிழ்த்தல் தகாது. பூட்டானில் காங்லுங் என்னும் மலையூரில் உள்ள ஷெருப்சே கல்லூரி 1983-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. இந்திய ஆசிரியர்கள் அங்குச் சென்று கற்பித்தனர். 2003-இல் பூட்டான் தனக்கென அரசப் பல்கலைக்கழகம் கண்டு, தன் பாடங்களைத் தானே வகுக்கலாயிற்று. அதுவே இயல்பான வளர்ச்சி. பூட்டானின் பொருளியல் வகுப்பு நீர்மின்சாரத்திலிருந்தும், எத்தியோப்பியாவின் பொருளியல் வகுப்பு காப்பிப் பயிரிலிருந்தும் தொடங்கட்டும். நம் வாழ்வு இடம்பெறாத நூல்களைக் கற்று வளர்ந்த நாம், பிறர் பிள்ளைகளுக்கு அதே குறையைச் செய்யலாகாது.

செல்லுமிடத்தில் சாதி இராது என்று நம்புவோரும் உளர். நம்மவர் குடியேறும் நாடுகளுக்கு அதுவும் உடன் சென்றுள்ளது. ஆனால் அதைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதிகளும் எழுந்துள்ளன. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத் தொகுதி 2022-இலும் சாதிப் பாகுபாட்டைத் தம் தடை விதிகளில் சேர்த்தன. 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சட்டமே இயற்றிற்று. சேரும் நிறுவனத்தின் விதிகளை முன்னரே படித்தறிதல் நம்மவர்க்கு இன்றியமையாதது.

எச்சரிக்கைகள் வேறு சிலவும் உண்டு. ஊதியம் எந்நாணயத்தில், வீடு, மருத்துவம், பயணச் செலவு யார் பொறுப்பு, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் விளைவு யாது என்பவற்றை எழுத்தில் பெறாமல் ஒருவரும் புறப்படலாகாது. இங்குள்ள பணியைத் துறந்துவிட்டுச் செல்வதும் வேண்டா. தடையில்லாச் சான்றும் ஊதியமில்லா விடுப்பும் முறைப்படி பெற்று, திரும்பிவர இடம் வைத்துச் செல்வதே அறிவுடைமை. நம்மில் ஒருவரின் ஊதியத்தை நம்பி ஒரு குடும்பமன்று, மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. செல்லும் நாட்டின் அரசியல் நிலையும் அறியத்தக்கது. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் திக்ரே மாநிலத்தில் மூண்ட போர் ஈராண்டுகள் நீடித்தது. அங்குள்ள மெக்கெலே நகரின் பல்கலைக்கழகம் வகுப்புகளை நடத்த இயலாமல் முடங்கியது.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்கிறோம். முதலாவது, இத்தகைய அறிவிப்புகளை உரிய காலத்தில் திரட்டி நம் ஆசிரியர் அனைவர்க்கும் அனுப்ப ஒரு சிறு குழு அமைதல் வேண்டும். இரண்டாவது, விண்ணப்பமும் பாடத்திட்ட வரைவும் எழுதப் பயிற்சி தருதல் வேண்டும். அறிவு இருந்தும் அதை உரிய வடிவில் எழுதிக் காட்டாமையால் இழந்த வாய்ப்புகள் நமக்குப் பல. மூன்றாவது, சென்று திரும்புவோர் தாம் கற்றதை நம் மாலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூறுவதைக் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

எழுத்தறிவு மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர், கடல் கடந்த நாட்டில், முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளையின் முன் நின்று, ‘அஞ்சாதே, உனக்கு விளங்கும்’ என்று சொல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. இன்று இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலரேனும், பொன்விழா மலரில் தம் அனுபவத்தை எழுதுவர் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.