ஓரம் தேய்ந்த டயர்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே போகும் வண்டி அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம், முடிவில் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள். விடியலில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போய், பொழுது சாய்கையில் இறங்கிவரும் ஜீப்புகளுக்கு இந்தச் சாலை அன்றாடப் பாடு. அவற்றில் ஒன்றின் முன்டயர் ஓரத்தில் மட்டும் மொட்டையானால், மெட்டு தின்றுவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. டயர் சீக்கிரம் தேய்வதற்கு மலை காரணம். கோணலாகத் தேய்வதற்குப் பெரும்பாலும் வண்டிதான் காரணம். செருப்பின் குதிகால் ஒருபுறம் மட்டும் தேய்ந்தால் தெருவையா நொந்துகொள்கிறோம்?

ஏறும்போது இடப்புறம் திரும்பிய அதே வளைவு, இறங்கும்போது வலப்புறம் திரும்புகிறது. காலையில் வலது டயரின் வெளியோரம் தாங்கிய இழுப்பை மாலையில் இடது டயரின் வெளியோரம் தாங்குகிறது. ஆகவே போய்த் திரும்பும் வண்டியில் இரண்டு முன்டயர்களின் வெளியோரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேய வேண்டும். அப்படித் தேய்ந்திருந்தால் அது மலையின் வேலை. இங்கே ஒருவர் மறுக்கக்கூடும்: நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுகிறவர்கள், இடது வளைவில் வண்டி உள்வட்டத்தில் ஒடித்துத் திரும்புகிறது, வலது வளைவில் வெளிவட்டத்தில் தாராளமாகத் திரும்புகிறது, அப்படியென்றால் வலது முன்டயர் கொஞ்சம் கூடுதலாகத் தேயத்தானே செய்யும்? நியாயமான மறுப்புதான், தேயும். ஆனால் அந்த வித்தியாசம் மெல்லச் சேர்வது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பூட்டினால் அடங்கிவிடும். உள்ளோரம் மட்டும் வழுக்கையானதற்கோ, நான்கில் ஒரு சக்கரம் மட்டும் பாதி ஆயுளில் முடிந்துபோனதற்கோ எந்த வளைவும் பொறுப்பேற்காது.

டயரைப் பார்த்து வண்டியின் நோயைச் சொல்வது நம் பட்டறைகளில் வாழும் ஒரு கலை. அதற்குரிய மதிப்பை நாம் தரவில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல்; இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அடுத்த கட்டத்துக்கு உள்ளங்கை வேண்டும். டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். (கம்பி தெரியும் டயரில் வேண்டாம், கை கிழியும்.) ஒரு திசையில் வழுவழுப்பாக இருந்து, மறு திசையில் பட்டன்களின் (டயரின் ரப்பர் மேடுகளின்) விளிம்புகள் கூராகக் கீறினால், முன்சக்கரங்கள் இரண்டும் நேர் பார்க்கவில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடுகின்றன என்று பொருள், அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. சுற்றிலும் குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங்கையும் பேலன்சையும் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால், பிரேக் பிடித்தபோது சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டிருக்கிறது. ஒரு டயர் மட்டும் வேகமாகத் தேயும்போது அந்தச் சக்கரத்துப் பிரேக் விடாமல் உரசுகிறதா என்பதும் ஒரு கேள்வி. மலையிறங்கிய கையோடு நான்கு டிரம்முக்கும் அருகே கையைக் கொண்டுபோனால், தொடாமலே எது கொதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜீப்புக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஃபோர் வீல் போட்டவர் தார்ச்சாலைக்கு வந்தபிறகும் அதை எடுக்க மறந்தால், வளைவில் வேறு வேறு தூரம் ஓடவேண்டிய முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்துக்குக் கட்டுப்படும். மிச்ச வித்தியாசத்தை ரப்பர்தான் உரசித் தீர்க்க வேண்டும். இனி பாரம். அச்சைத் தாங்கும் பிளேட் ஸ்பிரிங்குகள் சக்கரங்களுக்கு உட்புறம் இருக்கின்றன. அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே இருந்தால் அச்சின் நடு தாழ்ந்து, சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாயும், உள்ளோரம் தேயும். டிரெய்லர்களிலும், வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சுற்றுலா வீடுகளிலும் இதுவே பெரிய வில்லங்கம். இருக்கைகளை எண்ணாமல் ஆளேற்றும் ஜீப்பும் இதற்கு விலக்கில்லை. அருகருகே இரண்டு அச்சு கொண்ட டிரெய்லருக்கு மட்டும் சலுகை தரலாம்: குறுகிய வளைவில் ஏதாவது ஒரு ஜோடிச் சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டே தீரும், அது அமைப்பின் விலை.

மேலே போனால் காற்றழுத்தம் மாறும், அதனால் போடியிலேயே குறைத்து அடிக்க வேண்டும் என்றொரு வாதம் உண்டு. கணக்குப் போட்டால் நிற்கவில்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவு கூடுதலாகக் காட்டும். அதே ஏற்றத்தில் ஆறேழு டிகிரி குளிர்ச்சி சேர்வதால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. வண்டி கிளம்புமுன், டயர் சூடேறாத வேளையில், நிறுவனம் சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குறைத்து அடிப்பவர் இரண்டு ஓரங்களையும் தாமே தேய்க்கிறார், அதுவும் பாரத்தோடு.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது. ஓடினால்தான் கூலி என்கிற வண்டிக்குச் சோதனைக்கு நேரம் ஏது, தேய்ந்தால் ரீட்ரெட் பண்ணிக்கொள்ளலாமே என்பார்கள். ரீட்ரெட் நல்ல வழிதான், உடல் கெடாத டயருக்கு. ஓரத்தில் நூலோ கம்பியோ தெரியுமளவு தேய்ந்த டயரைப் பட்டறையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்ற முக்கால் பாகத்துப் பட்டன் நன்றாக இருந்தும் வீண். சட்டமும் கார், ஜீப்புகளுக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளம் வேண்டும் என்கிறது. நடுவில் இருக்கிறதே என்று ஓரத்தை மறைக்க முடியாது. மழையில் இறங்கும் வண்டியை வளைவில் பிடித்து நிறுத்துவது அந்த ஓரம்தான். செலவு செய்வதென்றால் வரிசை முக்கியம். முதலில் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்து, பேரிங்கிலும், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து ஸ்டியரிங்கின் டை ராடு முனைகள், அதன்பிறகே அலைன்மென்ட், புது டயர் எல்லாவற்றுக்கும் கடைசி. கிங்பின் ஆடும் வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்த காசு முந்தலைத் தாண்டாது.