பெயருக்குப் பக்கத்துல ஒரு ரகசியக் குறி

1801ல தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்க அதிபரானப்போ, ராணுவ அதிகாரிகள்ல அவர் கட்சிக்காரங்க ரொம்பக் குறைவு. முந்தைய ஃபெடரலிஸ்ட் ஆட்சி நியமிச்சவங்கதான் அதிகம். அதனால அவருடைய செயலாளர் மெரிவெதர் லூயிஸ், அதிகாரிகள் பட்டியல்ல ஒவ்வொரு பெயருக்கும் ரகசியக் குறி போட்டார்: திறமைசாலி, தகுதியில்லாதவர், நம்ம கட்சி, தீவிர எதிர்ப்பாளர்.

1802ல ஆட்குறைப்பு நடந்தது. திறமையான ஃபெடரலிஸ்ட்டுகள் பலர் தப்பிச்சாங்க. அதை நான் பாராட்டுறேன்.

ஆனா தளபதி ஜேம்ஸ் வில்கின்சனும் பதவியில தொடர்ந்தார். அவர் ஸ்பெயின்கிட்ட ரகசியமா பணம் வாங்கினது, இறந்து பல வருஷம் கழிச்சுத்தான் ஆவணங்கள் மூலமா உறுதியாச்சு.

யார் எந்தக் கட்சின்னு துருவித் துருவிப் பார்த்தாங்க. நாட்டுக்கு யார் விசுவாசமானவர்? அதுக்கு அந்தப் பட்டியல்ல குறியே இல்ல.