நொய்யலுக்குத் தொழில் திருப்பித் தர வேண்டியது

நார்வேயின் முன்னாள் பிரதமர் க்ரோ ஹார்லெம் புருன்ட்லாண்ட் தலைமையில் ஐக்கிய நாடுகள் அமைப்பு நியமித்த ஆணையம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கைதான், வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சியே வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை உலக அரசுகளின் பொதுப்பேச்சாக ஆக்கியது. அந்தக் கருத்து தொழில் நிறுவனங்களுக்குள் நுழைந்தபோது, தண்ணீரைக் குறைவாகச் செலவிடுவது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது, கழிவைக் கட்டுப்படுத்துவது என்று பெரும்பாலும் குறைத்தலின் கணக்காகவே சுருங்கியது. தீங்கைக் குறைப்பது தேவைதான். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணும் நீரும் ஒரு தொழிலைச் சுற்றிக் கிடக்கும்போது, இனிமேல் கெடுப்பதில்லை என்ற உறுதிமொழி மட்டும் அவற்றை மீட்டுவிடாது. தொழில் நடப்பதன் விளைவாகவே மண் வளம் கூடவும், நீர் தெளியவும், சுற்றியுள்ள மக்களின் வாழ்வு உயரவும் வேண்டும் என்று கோரும் அணுகுமுறையை மீளாக்கத் தொழில்முறை என்று அழைக்கின்றனர். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் திருப்பூரையும் நொய்யல் ஆற்றையும் விடத் தெளிவான களம் தமிழ்நாட்டில் வேறில்லை.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் நொய்யலின் கரையில்தான் இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஈட்டித் தரும் நகரம் வளர்ந்தது. பனியன் துணிக்கு நிறமேற்றும் சாயப்பட்டறைகள் இத்தொழிலின் நடுக்கண்ணி. பருத்தி இழைக்குள் சாயம் ஏறுவதற்குச் சாயக்குளியலில் உப்பைக் கரைக்க வேண்டும்; ஒரு கிலோ துணிக்குப் பல நூறு கிராம் உப்பு செலவாகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிட, உப்போ தன் வேலையை முடித்துக்கொண்டு ஏறத்தாழ முழு அளவிலும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. தொடக்கக் காலச் சுத்திகரிப்பு முறைகள் நிறத்தையும் அழுகும் பொருள்களையும் ஓரளவு நீக்கினவே தவிர, கரைந்த உப்பை அவற்றால் தொட முடியவில்லை. ஆகவே, பார்வைக்குத் தெளிவாக இருந்த நீரும் உப்பைச் சுமந்துகொண்டே ஆற்றில் இறங்கியது.

அந்த உப்பு போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. பாசன அணைக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த விவசாயிகளே, அணையில் நீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணை நீரை நம்பிய ஆயக்கட்டுப் பகுதிகளில் கிணறுகள் கரித்தன. உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் ஈரத்தில் குழைந்தும் காய்ந்தால் பாறைபோல் இறுகியும் போகிறது. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்குவதில்லை. கழிவு நின்ற மறுநாளே மண் சரியாகிவிடாததற்கு இதுவே காரணம்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கின் வழியாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு, சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத நிலையை எட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. தவணைகள் கடந்தும் ஆணை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றபோது பின்னலாடைத் தொழில் முழுவதும் ஆட்டம் கண்டது, தொழிலாளர்கள் வேலையிழந்தனர். பிறகு அரசு வட்டியில்லாக் கடன் வழங்க, நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு, படிப்படியாகத் தொழில் மீண்டது. இன்று அந்நிலையங்களில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிரிகளால் தூய்மையாக்கப்பட்டு, ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தி வடிகட்டப்பட்டு, நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சும் செறிந்த உப்புநீரின் ஒரு பகுதி அடுத்த சாயக்குளியலுக்குப் பயன்பட, மீதி ஆவியாக்கிகளில் காய்ச்சப்பட்டு உப்பாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு தொழில் நகரம் தன் நீரையும் உப்பையும் இந்த அளவுக்கு மறுபடி மறுபடி பயன்படுத்துவது உலக அளவில் பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. நீதிமன்றம் வரை போய் ஓயாமல் போராடிய ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் அந்தப் பெருமையில் உரிய பங்கு உண்டு.

ஆனால் இந்தச் சாதனை எட்டிய இடம் பூஜ்ஜியம், அதாவது இனிமேல் கழிவுநீரை வெளியே விடாத நிலை மட்டுமே. ஆவியாக்கிகளுக்கான கொதிகலன்கள் பெருமளவில் விறகை எரிக்கின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் சேர்கிறது. இவற்றை விடப் பெரிய கணக்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணில் நிற்கிறது. மேலும் கடன் வாங்காமல் இருப்பது வாங்கிய கடனை அடைத்ததாகாது. சூழல் இழப்பீட்டு ஆணையத்தின் வழியாக விவசாயிகளுக்குப் பணமாக ஓர் இழப்பீடு மதிப்பிடப்பட்டது உண்மைதான். எனினும் பணம் கைமாறியதால் மண்ணிலிருந்த சோடியம் இடம் மாறிவிடவில்லை.

பூஜ்ஜியத்தை இலக்காக வைத்து, பிறகு அதுவே போதாது என்று உணர்ந்த நிறுவனத்துக்கு அமெரிக்காவின் இன்டர்ஃபேஸ் சான்று. ஜார்ஜியா மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு ரே ஆண்டர்சன் தொடங்கிய இந்தத் தரைவிரிப்பு நிறுவனம், பெட்ரோலியத்திலிருந்து வரும் நைலானை நம்பி இயங்குவது. வாடிக்கையாளர்கள் சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வி எழுப்பியதைத் தொடர்ந்து, 1994ஆம் ஆண்டு பால் ஹாக்கன் எழுதிய ஒரு நூலைப் படித்து மனம் மாறிய ஆண்டர்சன், 2020க்குள் சுற்றுச்சூழல் தீங்கை முற்றிலும் ஒழிப்பது என்ற இலக்கை நிறுவனத்துக்கு வைத்தார். அவர் 2011இல் மறைந்த பிறகு, 2016இல் அந்நிறுவனம் இலக்கை இன்னும் உயர்த்தி, காலநிலையைச் சீர்செய்வதில் பங்கேற்பதையே நோக்கமாக அறிவித்தது. தன் ஆலைகள் சிலவற்றில், அந்த நிலத்தில் இயற்கையான காடு இருந்திருந்தால் எவ்வளவு மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும், எவ்வளவு கார்பனைச் சேமித்திருக்கும், காற்றை எந்த அளவு குளிர்வித்திருக்கும் என்று ஆய்ந்து, ஆலையும் அதற்கு ஈடாகத் தர வேண்டும் என்று அது முயன்றது. இந்த அளவுகோலில்தான் மீளாக்கத்தின் சாரம் அடங்கியிருக்கிறது: சென்ற ஆண்டின் கழிவோடு இந்த ஆண்டின் கழிவை ஒப்பிடுவதை விட்டு, அந்த இடம் நலமாக இருந்தபோது தந்ததோடு ஆலை இன்று தருவதை ஒப்பிடுகிறது. நைலானை நம்பிய தொழில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால், இன்டர்ஃபேஸை முடிந்த முன்மாதிரியாகக் காட்டுவதற்கில்லை. அது எழுப்பிய கேள்வியே மதிப்புடையது.

அதே கேள்வியை நொய்யலுக்குக் கேட்டால் விடை வேலைகளாகவே வருகிறது. இறுகிய மண்ணுக்கு ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்துகளிலிருந்து விலக்கும். விலகிய உப்பை நல்ல நீரால் கழுவி வெளியேற்ற வடிகால் வேண்டும். பிறகு உப்பைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணில் மக்குப் பொருள் சேரும். ஒரு போகத்தில் முடியாத, பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்ய வேண்டிய பணி இது. திருப்பூரில் 2015இல் தொடங்கிய வனத்துக்குள் திருப்பூர் இயக்கம் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டிருப்பதும், நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும், இந்நகர மக்களிடம் மீட்கும் மனமும் திறமும் இருப்பதைக் காட்டுகின்றன. ஆயினும் லாபத்திலிருந்து மரம் நடுவது கொடை; சாயமேற்றும் செலவிலேயே மண்ணை மீட்கும் செலவும் சேர்வதுதான் தொழில்முறை.

தொழிலின் மறுமுனையான பருத்தி வயலுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல் 1980களில் பரப்பிய மீளாக்க வேளாண்மை என்ற கருத்தையொட்டி, 2017இல் உருவான மீளாக்க இயற்கை வேளாண் கூட்டமைப்பு மண்நலம், கால்நடை நலம், உழைப்போருக்கு நீதி என்ற மூன்றையும் சேர்த்தே சான்றளிக்கிறது. மூன்றாவதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் விளம்பரமாகத் தேய்ந்துவிடும். மீளாக்கம் என்ற சொல்லை எந்த நிறுவனமும் தன் சட்டைப் பட்டியில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றிருக்கும் இன்றைய நிலையில், மண்ணில் மக்குப் பொருள் எவ்வளவு கூடியது, நிலத்தடிநீரில் உப்பு எவ்வளவு குறைந்தது, உழுபவருக்கும் தைப்பவருக்கும் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று எண்களைக் கேட்காமல் அச்சொல்லை ஏற்கக் கூடாது.

செலவை யார் ஏற்பது என்பதே கடினமான பகுதி. கழிவுநீரை வெளியே விடாமல் சாயமேற்றுவதால் திருப்பூரில் சாயக்கூலி கூடுகிறது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊர்களில் அது குறைவு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடை வாங்கும் பெரிய வணிகப் பெயர்கள் தூய்மையைக் கேட்டு, விலையை மட்டும் பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தால், பட்டறைக்காரர் மண்ணை மீட்பதற்குக் கையில் எதுவும் மிஞ்சாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உறுப்பினர் பட்டறைகள் கூடி நடத்தும் நிறுவனங்கள். அனுப்பும் நீரின் அளவுக்கேற்ப ஒவ்வொரு பட்டறையும் கட்டணம் செலுத்தும் நடைமுறை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதே கட்டணத்தோடு ஆயக்கட்டு மண்மீட்புக்கென்று கிலோ துணிக்குச் சில காசுகளைச் சேர்த்து, அந்தக் காசைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே தனி இனமாக எழுதி வாங்குபவரிடம் பெறுவது நடக்கக்கூடிய வழி. நிதியைச் செலவிடும் குழுவில் பட்டறை உரிமையாளர்களுக்குச் சமமாக ஆயக்கட்டு விவசாயிகளும் அமர வேண்டும். கிணற்று நீரின் உப்பளவை ஒவ்வொரு பருவத்திலும் அளந்து ஊரறிய வெளியிடும் பொறுப்பும் அவர்களிடமே இருக்க வேண்டும்.