உயிரிசையும் மெய்யிசையும்



இசையரங்கம் ஒன்றின் வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவிப்புத் தாளை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த 'பீச் ஹவுஸ்' போன்றதோர் இருவர் குழு, வருகின்ற சனிக்கிழமை மாலை அங்கே பாட இருக்கிறது. குழுவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன்கீழே, உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத அளவில், இன்னொரு பெயர் இருக்கிறது. கிதாரும் கையுமாகத் தனியே வந்து, தாமே எழுதி மெட்டமைத்த பாட்டுகளை முதல் அரைமணி நேரம் பாடிவிட்டுப் போகின்ற ஒருவருடைய பெயர் அது. அந்தச் சிறிய எழுத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். எனினும், பெரிய எழுத்தை விளங்கிக்கொள்ளாமல் சிறிய எழுத்தின் துன்பம் விளங்காது.

மேலைநாட்டு மெல்லிசையில் 'ட்ரீம் பாப்' என்று ஒரு வகை உண்டு. கனவிசை என்று நாம் சொல்லலாம். பீச் ஹவுஸ் குழுவின் விக்டோரியா லெக்ராண்டும் அலெக்ஸ் ஸ்காலியும் 2004ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்தவர்கள். முதல் இசைத்தட்டு 2006இல் வெளிவந்தது. புகழ்பெற்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் மிஷேல் லெக்ராண்டின் உறவினர் விக்டோரியா. அவர் ஆர்கனை வாசித்துக்கொண்டே பாடுவார்; ஸ்காலி கிதார் வாசிப்பார். தாளத்துக்குத் தொடக்கத்தில் ஓர் இயந்திரமே துணை. பிற்காலத்தில் மேடையில் முரசுக் கலைஞர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அரங்கில் வெளிச்சம் குறைவு. பாடுகின்றவரின் முகம்கூடத் தெளிவாகத் தெரியாது. ஒலி மட்டும் பனிமூட்டம்போல் வந்து நம்மைச் சூழ்ந்துகொள்ளும்.

அந்த மூட்டம் எப்படி உண்டாகிறது? ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மோதித் திரும்ப அதற்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கிறது. பெரிய மண்டபத்தில் இத்தகைய மறுமொழிகள் பலப்பல திசைகளிலிருந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கனவிசைக் கலைஞர்கள் இந்த மண்டபத்தையே சிறிய பெட்டிக்குள் அடக்கிக் கையோடு கொண்டு வருகிறார்கள். கிதாரின் ஓசையும் குரலும் மின்கருவிகளின் வழியாகச் சென்று, நீண்ட வாலுடன் வெளிப்படுகின்றன.

இங்கே நம் இலக்கணம் உதவிக்கு வருகிறது. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்யெழுத்துக்கு அரை என்று படித்திருக்கிறோம் அல்லவா? முந்திய உயிரோசையின் வால் நீளுமானால், அரை மாத்திரை வாழும் மெய் அதில் மூழ்கிப்போகும். எஞ்சுவது உயிர் மட்டுமே. ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் நகரில் 1979இல் பிறந்த 'காக்டோ ட்வின்ஸ்' குழுவின் பாடகி எலிசபெத் ஃபிரேசர் இதை ஒரு குறையாகக் கருதவில்லை. பொருள் பிடிபடாத சொற்களையும் ஓசை நயத்துக்காகவே பாடினார். ஆலாபனையைக் கேட்டுப் பழகிய நமக்கு, சொல்லில்லாத குரலும் நெஞ்சைத் தொடும் என்பதை யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

கனவிசையை உயிரிசை என்போமானால், தனியே பாடவரும் அந்தக் கவிஞரின் பாட்டை மெய்யிசை என்று சொல்லலாம். அவருடைய செல்வமெல்லாம் சொல்தான். ஒரு பெயர், ஒரு தெரு, பிரிந்துபோன ஒருவர் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தை: இவை காதில் விழாவிட்டால் பாட்டே இல்லை. ஆகவே, அமைதி அவருக்கே மிகுதியாகத் தேவை. ஆனால் அவருக்குக் கிடைக்கும் நேரமோ, மக்கள் இருக்கை தேடும் நேரம். நண்பர்களைக் கண்டு நலம் விசாரிக்கும் நேரம். பானம் வாங்க வரிசையில் நிற்கும் நேரம். பேச்சரவத்தை விழுங்கிவிடக்கூடிய பெருமுழக்கம் பின்னால் வருகிறவர்களிடம் இருக்கிறது. முன்னால் வருகிறவரிடம் ஆறு தந்திகளே இருக்கின்றன.

ஆற்றல் மிகுந்தவர்களுக்கும் இந்த நிலை நேர்ந்ததுண்டு. 1967ஆம் ஆண்டு ஜூலை மாதம், கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 'மங்கீஸ்' என்ற குழுவுக்கு முன்னோடியாக வாசித்தார். வந்திருந்த இளம் பெண்களோ தங்கள் நாயகர்களின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிவிட்டார். ஹென்ட்ரிக்ஸ் இழந்தது சில மாலைகளே. கேட்க மறுத்தவர்கள் இழந்தது எவ்வளவு!

அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு கச்சேரிக்கு, முதல் பகுதி முடியட்டும் என்று வேண்டுமென்றே தாமதித்துச் சென்றேன். நான் கதவைத் திறந்தபோது ஒரு பெண் தம் கடைசிப் பாட்டின் கடைசி அடியைப் பாடிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாட்டு என்ன, பாடியவர் யார் என்று இன்றளவும் எனக்குத் தெரியாது. பிறகு வந்த புகழ்மிக்க குழுவின் இசை அன்று எனக்குச் சுவைக்கவில்லை.

இறுதியாக ஒரு வரலாறு. டிம் பக்லி என்ற அமெரிக்கப் பாடகர், லாரி பெக்கெட் எழுதிய சொற்களுக்கு மெட்டமைத்து, 'சாங் டு தி சைரன்' என்ற பாட்டை 1968இல் தொலைக்காட்சியில் தனியே கிதார் வாசித்துப் பாடினார். 1970இல் அது அவருடைய இசைத்தட்டில் இடம்பெற்றது. தட்டு அதிகம் விற்கவில்லை. 1975இல், தம் இருபத்தெட்டாம் வயதில், பக்லி இறந்துபோனார். அதே பாட்டை 1983இல் எலிசபெத் ஃபிரேசர் பாடினார். அவருடைய குழுத்தோழர் ராபின் கத்ரி கிதார் வாசித்தார். 'திஸ் மார்ட்டல் காயில்' என்ற பெயரில் வெளிவந்த அந்தப் பதிவு, பக்லியின் பாட்டைப் புதியதொரு தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது. ஒருவர் தனியே ஒரு கிதாரோடு பாடிய பாட்டு அது. அதையே கனவிசை தன் மூட்டத்துக்குள் ஏந்திக்கொண்டது. உயிரும் மெய்யும் அங்கே கூடின. பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடியவர் அதைக் கேட்க உயிரோடில்லை.

ஆகவே, அன்பர்களே, அத்தகைய அறிவிப்புத் தாளைக் காணும்போது கீழேயுள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். அரைமணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். அமர்ந்து, பேச்சை நிறுத்திக் கேளுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதனால் நட்டம் ஒன்றுமில்லை. பிடித்துவிட்டாலோ, ஒரு மனிதர் தம் சொற்களை அன்று வீணாகச் செலவிடவில்லை என்பதற்கு நீங்களே சாட்சியாவீர்கள்.