சாயம் எங்கே போனது?



பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கரியைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், சமன்பாடு எதுவும் கிடையாது.

கொட்டாங்கச்சியைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரிக்குள் 900 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 25 சென்ட் நிலம்! அந்தத் துளைச் சுவரில்தான் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்காக அமெரிக்கர்கள் பீச் பழக் கொட்டையையும் தேங்காய் ஓட்டையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். நம் காங்கேயம் பக்கம் இன்று இது பெரிய தொழில்.

நான் எடுத்துக்கொண்டது நிலக்கடலை ஓடு. உசிலம்பட்டியிலிருந்து ஒரு சாக்கு வந்தது. அடர் கந்தக அமிலம் ஊற்றி, அடுப்பில் வைத்து, கழுவிக் கழுவிக் கை வெந்ததுதான் மிச்சம். ஆனால் மெத்திலீன் நீலக் கரைசலில் போட்டதும் அரை மணியில் தண்ணீர் பளிங்கு! ஒரே கொண்டாட்டம்.

"செல்லூர்ல சாயப்பட்டறை இருக்கே, அந்தத் தண்ணியில போட்டுப் பாருடா" என்றான் நண்பன். ஒரு கேன் கொண்டுவந்தோம். மறுநாளும் அதே சிவப்பு. காரணம் பிறகுதான் புரிந்தது. மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை உள்ளது, அமிலத்தில் செய்த கரியின் மேற்பரப்போ எதிர்மின்சுமை, ஒட்டிக்கொண்டன. பட்டறையின் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின்சுமை. அப்புறம் எப்படி ஒட்டும்? தண்ணீரில் அமிலம் கூட்டி, இரண்டு மாதம் போராடி, ஒருவழியாக நிறத்தை எடுத்தோம்.

பெருமையோடு பாட்டிலைப் பட்டறைக்காரரிடம் நீட்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சுத்தமாத்தான் இருக்கு தம்பி. சாயம் எங்க போச்சு?"

"கரிக்குள்ள இருக்குண்ணே."

"அந்தக் கரிய எங்க கொட்டுவீங்க? வைகையிலயா?"

பதில் இல்லாமல் திரும்பினேன். அவர் அதோடு விட்டார். தண்ணீரில் நான் ஊற்றிய அமிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இன்னும் மானம் போயிருக்கும்.

கரி சாயத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. கொட்டாங்கச்சிக் கரி விலையுள்ளது. உலையிலிட்டுப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துவார்கள். கடலை ஓட்டுத் தூளை யார் புதுப்பிப்பார்? உப்பையும் கரி தொடாது. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டதை அறிவீர்கள். அங்கே நிறம் மட்டுமல்ல, கரைந்த உப்பும் பெரும் சிக்கல். இன்னொன்று, நாம் 'கழிவு' என்று எழுதும் உமி, அரிசி ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள். அதற்கும் விலை உண்டு.

ப்ராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகளே, வாலை வடிநீரும் மெத்திலீன் நீலமும் முதல் வாரத்தோடு போதும். அப்புறம் பட்டறைத் தண்ணீரில் செய்யுங்கள். சாயம் ஏறிய கரியை என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கேன் நான் தருகிறேன், செல்லூருக்கு வழியும் காட்டுகிறேன்.