இருபத்தொரு நாள் கணக்கு
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கால் நூற்றாண்டாகப் பாடுபட்டோம். சென்ற பிள்ளை இடையில் நின்றுவிடுவதற்கு வறுமையோடு நோயும் காரணமாவதைக் காண்கிறோம். அத்தகைய நோய்களுள் ஒன்று கீல்வாதக் காய்ச்சல். மருத்துவர் இதனை ருமாட்டிக் காய்ச்சல் என்பர்.

பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே இது தாக்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டை புண்ணாகிறது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு தாவும் வலியும் வருகின்றன. வலி தானே மறையும்; பெற்றோரும் மறந்துவிடுவர். ஆனால் இதய வால்வுகள் பழுதாகியிருக்கக் கூடும். சில பிள்ளைகளுக்குக் கைகால்கள் தாமாகவே துள்ளும், கையெழுத்துக் கோணும். அப்பிள்ளையைப் "படிப்பு ஏறாதவன்" என்று ஒதுக்குவது, நோயைப் பிறப்பின் குறையாக்கும் பழைய அநீதியே அன்றோ?

இந்நோய் சாதி பார்த்து வருவதன்று. இட நெருக்கடி பார்த்து வருவது. ஓர் அறையில் எழுவர் உறங்கும் வீட்டில் கிருமி எளிதில் பரவும். ஊருக்குப் புறத்தே குறுகிய நிலத்தில் நம் மக்கள் ஒடுக்கப்பட்டதன் விலையைப் பிள்ளைகளின் இதயமும் செலுத்துகிறது.

தொண்டைப் புண்ணுக்குக் காலத்தே மருத்துவம் செய்தால் காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி வேண்டும். இதயம் பாதிக்கப்படாவிடினும், குறைந்தது 5 ஆண்டுகளோ 21 வயது வரையோ, எது நீண்டதோ அதுவரை தொடர வேண்டும். வலியில்லாத பிள்ளையை, ஒரு நாள் கூலியை இழந்து, ஊசிக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. அங்கேதான் கண்காணிப்பு தேவைப்படுகிறது.

கியூபா நாட்டின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986இல் சுகாதார நிலையங்கள் வழியே இப்பணியைத் தொடங்கினர். பள்ளிப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 2.27 ஆக இருந்த ருமாட்டிக் இதய நோய், 1996இல் 0.24 ஆகக் குறைந்தது. நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய இராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் கண்டறிய வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்று.

இளைஞர்களே! மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் எந்தப் பிள்ளையும் விடுபடாமல் பாருங்கள். நோய் கண்ட பிள்ளையின் ஊசி நாளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தாய் வேலைக்குச் சென்றிருந்தால், நீங்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வருகைப் பதிவேட்டைக் காத்த நம் சங்கம் இந்த இருபத்தொரு நாள் கணக்கையும் காக்கட்டும்.